ஆளுக்கொரு கதவு

சின்னம்மாவின் காரில் ஏறி உட்கார்ந்தவுடன் அவர் சாவியைத் திருப்பமாட்டார். முதலில் பரீட்சை.

"கதவைத் திற பாப்பம்" என்பார். திறக்க வேண்டும். "இறங்கு." இறங்க வேண்டும். "திருப்பி ஏறு. இப்ப கண்ணை மூடிக்கொண்டு திற." நான் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைத் தேடுவேன். முதல்முறை கை தவறிக் கண்ணாடி இறக்கும் பிடியைச் சுழற்றிவிட்டேன். "செத்தாய்" என்றார் சின்னம்மா, சோறு போடவா என்று கேட்கிற அதே குரலில். நான் சரியாகத் திறக்கும்வரை கார் அசையவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர் நான், தலையில் பாதி நரைத்தவன், தர்மபுரம் சந்தியில் சனம் பார்த்துக்கொண்டிருக்க ஏறி ஏறி இறங்கினேன். வெட்கத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. இவ்வளவு ஒத்திகை பார்க்கிற ஆள் ஒருநாள் நாடகத்தையும் நடத்தித்தானே தீருவார்?

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெலிந்த ஆள், கதைக்கும்போது கண் நம்மைப் பார்க்காது, நமக்குப் பின்னால் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்க்கும். கலியாண மண்டபத்தில் ஓரத்துக் கதிரைதான் வேண்டும். கோயிலில் சாமி தெரியாவிட்டாலும் வெளிவாசல் தெரிய வேண்டும். இதெல்லாம் எங்கள் பகுதியில் பெரிய விசயமில்லை, போருக்குப் பிறகு பலருக்கும் உள்ள வழக்கம். சின்னம்மாவுக்கு மட்டும் அது கார் ஆசையாக முளைத்ததுதான் அதிசயம்.

அது முளைத்த இடம் பரந்தன். அங்கே தேத்தண்ணீர்க் கடையொன்றில் அவர் நின்றபோது, யாழ்ப்பாணம் போகிற யாரோ இரண்டு பேர் கூரையில்லாத சின்னக் காரொன்றில் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஓட்டி வந்தவன் கதவைக்கூடத் திறக்கவில்லை. காலைத் தூக்கி வெளியே வைத்தான், நின்றான், அவ்வளவுதான். சின்னம்மா அதை என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! "ஒரு மூச்சு, தம்பி. ஒரு மூச்சுக்குள்ள ரெண்டு பேரும் வெளியில. ஒருத்தரை ஒருத்தர் இடிக்கேல்லை, ஒருத்தருக்காக ஒருத்தர் காத்து நிக்கேல்லை. ஆளுக்கொரு கதவு." அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லையாம்.

பிறகு போனில் தேடத் தொடங்கினார். இப்படியான கார்களுக்காகவே உயிரை விடுகிறவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருக்கிற நம்முடைய பெடியள். சின்னம்மா அதில் சேர்ந்துவிட்டார். கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாது என்பதால் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. ஒருநாள் குழுவில் யாரோ கேட்டிருந்தான்: சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் புதிதாக இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தால் அதில் உங்களுக்கு என்ன வேண்டும்?

பதில்கள் வந்து குவிந்தன. பாரம் குறைவாக இருக்க வேண்டும், கூரை திறக்க வேண்டும், தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும், கியர் கையால் போடுவதாக இருக்க வேண்டும், முன்னால் ரிவி மாதிரித் திரை ஒன்றும் வேண்டாம். நான் வாசிக்க வாசிக்க சின்னம்மா தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்லுறாங்கள்" என்றார். "பின் சில்லு இழுக்கவேணுமாம்" என்று வாசித்தேன். "அது அவங்கட ஆசை. எனக்குத் தேவையில்லை."

"பாரம் குறைஞ்சு உங்களுக்கு என்ன செய்ய, சின்னம்மா?"

"வாய்க்காலுக்க விழுந்தா ரெண்டு பேர் தூக்கி விடலாமெல்லே."

"தாழ்வா இருந்தா?"

"குதிக்கத் தேவையில்லை. உருண்டாக் காணும். உயரத்தில இருந்து குதிச்சுக் கால் உடைஞ்ச ஆக்களை நீ காணேல்லையே?"

கண்டிருக்கிறேன். போருக்குள் ஓடிய அந்தச் சனத்தோடு நானும் வந்தவன்தான். மேலே கேட்க வேண்டாம் என்று இருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. கையால் போடுகிற கியர் எதற்கு என்றேன். பற்றறி செத்தால் தள்ளி ஸ்ராட் பண்ண. திரை ஏன் வேண்டாம்? இரவில் அந்த வெளிச்சம் தூரத்துக்குத் தெரியும். கூரை? சின்னம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கேட்ட கேள்விக்கே வெட்கப்பட்டேன். மேலே என்ன வருகிறது என்று பார்க்காமல் ஒரு மனிதர் எப்படிப் பயணம் போவது?

"மலிவா ஏன் இருக்கவேணும் எண்டு கேள்" என்றார் அவராகவே. "விலை கூடினா விட்டிட்டு ஓட மனம் வராது, தம்பி. சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போனதுகள் எத்தினை! புதுசா ஏன் இருக்கவேணும்? பழசெண்டாக் கதவு இறுகும்."

இதில் பாதியைத்தான் நான் குழுவில் எழுதினேன், காரணங்களை விட்டுவிட்டு. பாரம், உயரம், கூரை, கியர், விலை. ஒரு பெடியன் எழுதினான்: "இந்தக் காலத்தில் இப்படி யோசிக்கிறவர்களைக் காண்பதே அரிது அக்கா, நீங்கள்தான் உண்மையான ரசிகை." இதயப் படங்கள் வேறு. "ரசிகையாம்" என்று சின்னம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெடியளும் அவரும் ஒரே காரைத்தான் கேட்டார்கள். அவர்கள் காற்று முகத்தில் அடிக்கிற சுகத்துக்குக் கேட்டார்கள், இவர் உயிரோடு வெளியே விழுவதற்குக் கேட்டார்.

புதுக் கார் கிடைக்கவில்லை. முதலில் இறக்குமதிக்குத் தடை, தடை நீங்கியபோது வரி. கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பழைய யப்பான் கார் வந்தது. இரண்டே இருக்கை, கிழிந்துபோன துணிக் கூரை, நல்ல சிவப்பு. கூரையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் போர்த்தினார். சிவப்பு மேலேயிருந்து தெரியும் என்று மண்நிறம் பூசுவித்தார். பளபளப்பில்லாத மை வேண்டும் என்று கிளிநொச்சிக் கராஜ்காரனோடு சண்டையே பிடித்தார். சேலை காலில் சிக்கும் என்று காருக்கென்று பஞ்சாபி உடுப்புத் தைத்தார், சால்வை இல்லாமல். காலையில் சாமிக்குப் பூ வைத்த கையோடு போய்க் கதவுப் பிணைச்சல்களுக்குத் தையல் மெசின் எண்ணெய் விடுவார். மழை பெய்தால் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நனைந்தபடி ஓட்டுவார். வவுனியாவுக்கு ஒருமுறை போகப் புறப்பட்டபோது, புளியங்குளம் பக்கம் யானை நிற்கும், திறந்த காரில் போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். "யானை கீழாலதானே வரும்" என்றார்.

பெல்ட் போடமாட்டார். பொலிஸ் தெரிந்தால் தோளுக்கு மேலால் இழுத்துக் கையால் பிடித்துக்கொள்வார். அவர் ஓட்டும்போது வலக்கை எப்போதும் கதவுக் கைப்பிடியில் இருக்கும். ஸ்ரியறிங் இடக்கையில். கியர் மாற்றும்போது ஸ்ரியறிங்கை முழங்காலால் பிடிப்பார். இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இப்போது எழுதும்போதும் என் கால் தானாக இல்லாத பிரேக்கைத் தேடுகிறது.

முதல் சம்பவம் விசுவமடுவில் நடந்தது. பக்கத்தில் இருந்தது என் அம்மா. முன்னால் நின்ற லொறியின் ரயர் வெடித்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் சின்னம்மா ஓட்டுகிற இருக்கையில் இல்லை. வாய்க்காலுக்குள் முகம் குப்புறக் கிடந்தார், இரண்டு கையும் தலைக்கு மேலே. கார் அம்மாவைச் சுமந்துகொண்டு தன்பாட்டில் போனது. நல்ல காலம், திருப்பத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபடியால் வைக்கோல் கும்பியொன்றில் முட்டி நின்றது. அம்மா வைக்கோலுக்குள் இருந்து "எடியே, எடியே" என்று கத்திக்கொண்டிருந்தாராம். சின்னம்மா எழுந்து வந்து கேட்ட முதல் கேள்வி: "நீ ஏன் குதிக்கேல்லை?"

வீட்டுக்கு வந்த அம்மா அன்றிரவு சாப்பிடாமல் இருந்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்.

"அவளுக்கு விசர் எண்டு நினைச்சுக்கொள்ளாத. அந்தக் கடைசி இடப்பெயர்வில அவளின்ர மனுசன், உன்ர சித்தப்பா, அவரும் அவளும் ஆரின்ரையோ உழவு மிசின் பெட்டியிலதான் வந்தவை. பெட்டி நிறையச் சனம். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் எண்டு நடுவில இருத்தினவை. இவள் கரையில தொங்கிக்கொண்டு வந்தவள். மேல சத்தம் கேட்டிருக்கு. சித்தப்பாதான் சொன்னாராம், 'நீ குதி, நான் பின்னால வாறன்' எண்டு. இவள் குதிச்சிட்டாள். அவர் அத்தினை சனத்துக்கு மேலாலயும் வரவேண்டிக் கிடந்தது."

வரவில்லை. அதை அம்மா சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

"அவள் குதிச்சபடியாத்தான் இண்டைக்கு இருக்கிறாள். அதை அவளுக்கு மாத்திச் சொல்ல ஏலாது. ஆனா மோனை, ஒருநாள் பெரிய றோட்டில, பஸ் வரேக்க குதிக்கப்போறாள். பக்கத்தில ஆராவது இருந்தா ஸ்ரியறிங்கையாவது பிடிக்கலாம்."

அந்த ஆராவது நானானேன். எனக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் ஓடத் தெரியும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சின்னம்மாவின் மகள் முல்லைத்தீவில் கலியாணம் கட்டியிருந்தாள். சனிக்கிழமைகளில் சின்னம்மா அங்கே போவார். நானும் போகத் தொடங்கினேன், தங்கச்சியைப் பார்க்க என்று பொய்க் காரணம் சொல்லிக்கொண்டு. சின்னம்மா அதை நம்பினாரோ என்னவோ. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன், பெல்ட் போட்டுக்கொண்டுதான் இருப்பேன் என்று. அவருக்குப் பிடிக்கவில்லை.

"கட்டிப்போட்ட மாட்டைப்போல இருக்கப்போறியோ?"

"வெளியில எறியப்பட்டுச் சாகிறதுக்கு எனக்குப் பயம், சின்னம்மா."

கொஞ்சம் யோசித்தார். "சரி. உனக்கு உன்ர பயம், எனக்கு என்ர பயம்" என்றார். அன்றிலிருந்து பரீட்சையில் இன்னொரு பாடம் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைக் கழற்று, பிறகு கதவைத் திற. வீட்டு வாசலில் நான் எப்போதும் நன்றாகவே செய்தேன்.

அந்தப் பயணங்கள் எனக்குப் பழகவே இல்லை. காரில் இருந்தால் தார் றோட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். பஸ் முந்தும்போது அதன் சில்லு என் காதுக்கு நேரே வரும். "கை எங்க?" என்று சின்னம்மா இடைக்கிடை கேட்பார். நான் கையைக் கதவில் வைப்பேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய வலக்கையை. விரல் இறுகுகிறதா, தளர்கிறதா? ஒருமுறை எங்கோ கோயிலில் வெடி கொளுத்தினார்கள். அந்த விரல்கள் கைப்பிடியைப் பாதி இழுத்து நின்றன. நான் அன்று தங்கச்சி வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் இருந்தேன்.

முல்லைத்தீவுக்குப் போகிற வழியில் வட்டுவாகல் பாலம். போரின் கடைசியில் சனம் முழுக்க நடந்து கடந்த பாலம் அது. ஒடுக்கம், தாழ்வு, ஒரு வாகனம் போனால் எதிரே வருவது காத்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் தண்ணீர். மற்ற இடங்களில் ஓயாமல் கதைக்கிற சின்னம்மா அதில் ஏறியதும் வாயை மூடிவிடுவார். குதிப்பதற்கு நிலமில்லாத ஒரே இடம். கதவைத் திறந்தால் தண்ணீர்தான்.

அன்று நாங்கள் பாலத்தின் நடுவில் இருந்தபோது அந்தச் சத்தம் வந்தது.

மேலே சுற்றுகிற ஆளில்லா விமானத்தை அந்த நாட்களில் நாங்கள் வண்டு என்போம். அது வந்து போனால் பின்னால் என்ன வரும் என்று குழந்தைக்கும் தெரியும். அதே இரைச்சல், இத்தனை வருடங்களுக்குப் பிறகு, தலைக்கு நேர்மேலே. யோசிக்க நேரமில்லை. என் உடம்பு அந்த நொடியில் நம்பிவிட்டது.

சின்னம்மாவின் கதவு திறந்துவிட்டது. வலது கால் வெளியே போய்விட்டது. கார் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இறங்கு! இறங்கு! இறங்கடா!"

ஸ்ரியறிங்கைப் பிடிப்பதற்கென்றே அனுப்பப்பட்ட நான் ஸ்ரியறிங்கைப் பிடிக்கவில்லை. கை பெல்ட்டைத் தேடியது. அந்தப் பொத்தான் எங்கே? கண் திறந்துதான் இருந்தது, ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை. இடுப்பையும் வயிற்றையும் பிராண்டிக்கொண்டிருந்தேன். கார் பாலத்தின் ஓரக் கல்லில் உரசிக் கிரீச்சிட்டது. கீழே தண்ணீர் தெரிந்தது. சின்னம்மா பாதி வெளியே நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

வெளியே போன கால் உள்ளே வந்தது. பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. அடுத்த கணம் அவர் என்மேல் இருந்தார், என் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமத்தி, தன் முதுகை வானத்துக்குக் காட்டிக்கொண்டு. தையல் மெசின் எண்ணெய் மணந்தது. அவருடைய பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. என்னுடையதும்தான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. யாரோ ஓடிவருகிற சத்தம். "அம்மா, ஒண்டுமில்லையம்மா, கலியாணப் படம் எடுக்கிறம், கமெராதான் அது" என்று ஒரு பெடியனின் குரல், அழுகிறமாதிரி. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அக்கரையில் ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும் கோட்டும் சேலையுமாகத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பெடியன் தன் பறக்கும் கமெராவை இறக்கிவிட்டான். எங்களுக்குப் பின்னால் மறிபட்டு நின்ற பஸ்காரன் ஹோன் அடித்தான். சின்னம்மா என்னை விட்டு எழும்பவில்லை. நான்தான் "சின்னம்மா, பஸ் நிக்குது" என்று சொல்லி அவரை எழுப்ப வேண்டியிருந்தது.

அவர் ஓட்டிக்கொண்டுபோய் அக்கரை சேர்த்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இவ்வளவு நாளும் பயந்த காரியம் வந்து, நடக்காமல் போய்விட்டது. சின்னம்மா குதிக்கவில்லை. இனிக் குதிக்கமாட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா குலதெய்வத்துக்கு நேர்ந்ததை உடனே செய்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது கார் வாசலில் நின்றது, வழக்கம்போல மூக்கு றோட்டைப் பார்த்தபடி. கதவைத் திறந்தேன். உட்காருவதற்கு ஒன்றுமில்லை. இடதுபக்க இருக்கை இருந்த இடத்தில் வெறும் தகரமும் நாலு துளைகளும்.

"கராஜில குடுத்துக் கழட்டிப்போட்டன்" என்றார் சின்னம்மா. குழுவுக்கும் படம் அனுப்பியிருந்தார். ஒற்றை இருக்கை, இன்னும் பாரம் குறைவு, பிரமாதம் அக்கா என்று பெடியள் கைதட்டியிருந்தார்கள்.

"ஏன் சின்னம்மா?"

"நான் அண்டைக்குக் குதிக்கேல்லை."

"அதுதானே நல்லது. அது கலியாணக் கமெராதானே."

"அது எனக்கு அப்ப தெரியுமோ? உனக்குத் தெரியுமோ?" குரல் உயரவில்லை. "நான் வண்டெண்டுதான் நினைச்சனான். வண்டெண்டு நினைச்சுக்கொண்டும் இருந்திட்டன். நீ இறங்கேல்லை எண்டு நானும் இருந்திட்டன், தம்பி. அண்டைக்குச் சித்தப்பா இறங்கேல்லை எண்டு இருக்காமக் குதிச்ச நான்."

சின்னம்மா அந்த நாலு துளைகளையும் காட்டினார்.

"பக்கத்தில ஆள் இருந்தா எனக்குக் குதிக்க ஏலாது. அதை நான் இப்பதான் கண்டனான். நெடுக யோசிச்சு யோசிச்சு நித்திரை இல்லை. எனக்கு அது பயமாக் கிடக்கு. ஆரும் வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. யோசிக்காமல் உள்ளே ஏறி அந்த வெறும் தகரத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தேன். ஆணித் துளையின் விளிம்பு தொடையில் குத்தியது. பெல்ட்டும் இல்லை, பிடிக்க ஒன்றுமில்லை. "ஓடுங்கோ" என்றேன். "நான் இப்பிடியே வாறன்."

சின்னம்மா வந்து தன் இருக்கையில் இருந்தார். சாவியைத் தொட்டார், திருப்பவில்லை.

"இறங்கு."

"மாட்டன்."

"இறங்கு, ராசா."

அந்தக் குரலில் நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தில் கண்ட அதே முகம். உதடு காய்ந்து, கண் விரிந்து, கை கதவுக் கைப்பிடியில் இறுகியிருந்தது. மேலே ஒரு சத்தமும் இல்லை, வெறும் வெயில். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.